சொத்தைக் கத்தரிக்காய் யார் கணக்கில்? கடலூரில் ஒரு வாரக் கூடை

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் அதைச் சுற்றியும் பத்துப் பன்னிரண்டு வீடுகள் பாலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் வாரத்துக்கு ஒரு கூடை காய்கறி வாங்குகின்றன. புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் இரண்டு உறவுக்கார வீடுகளுக்கும் கூடை பஸ்ஸில் போகிறது. 2022 கோடையில் ஆரம்பித்த ஏற்பாடு இது. பூச்சிமருந்து படாத காய் வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். ஒரு சிறு விவசாயியால் அதை எந்த அளவுக்குத் தர முடிந்தது, எங்கே முடியவில்லை, அதற்கான செலவு யார் தலையில் விழுந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். கூடைக் கணக்கு எழுதுவது என் பொறுப்பு என்பதால் பணம் எங்கெங்கே இடித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆள் பெயர் எதுவும் தரவில்லை. விவசாயியை நாங்கள் எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இயற்கை விவசாயம் பற்றி எழுதுகிறவர்கள் மண்ணிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். மண்புழு, பஞ்சகவ்யா, நாட்டு மாடு என்று போகும். அதெல்லாம் தேவைதான். ஆனால் அண்ணனை மருந்து அடிக்க வைத்தது பாதி புழு, பாதி மண்டி. புழுவுக்கு வழி சொல்ல ஆட்கள் நிறைய. மண்டிக்கு வழி சொல்லத்தான் யாரும் வரவில்லை.

ஊர்

கடலூர்க்காரர்களுக்குப் பூச்சிமருந்து தூரத்துச் சங்கதி இல்லை. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மூக்கு சொல்லிவிடும். 2021 மே மாதம் அங்கே ஒரு பூச்சிமருந்து ஆலையில் நடந்த விபத்தில் தொழிலாளர்கள் நான்கு பேர் இறந்தார்கள். மருந்து தயாராவதும் இதே மாவட்டத்தில், தெளிக்கப்படுவதும் இதே மாவட்டத்தில்.

இன்னொரு பக்கம் இது நல்ல காய்கறி நாடு. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் எல்லாருக்கும் தெரியும். பாலூரில் 1905 முதல் இயங்கும் ஆராய்ச்சி நிலையம் காய்கறிக்கென்றே பெயர் பெற்றது. பாலூர் 1 கத்தரியும் பாலூர் 1 பலாவும் அங்கிருந்து வந்த ரகங்கள். அண்ணனுடைய நிலம் அந்த வட்டாரத்தில் ஒன்றரை ஏக்கர், போர் தண்ணீர். முக்கால் ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் மாறி மாறி வரும். மீதியில் மல்லாட்டை (நிலக்கடலை), ஒரு ஓரத்தில் வாழை.

மருந்து ஏன் அடித்தார்

கத்தரிக்கு முதல் எதிரி தண்டையும் காயையும் குடையும் துளைப்பான் புழு. வெளுத்த சிறகில் பழுப்புத் திட்டு உள்ள சின்ன அந்துப்பூச்சி இலையில் முட்டை வைக்கும். பொரித்து வந்த புழு சில மணி நேரத்துக்குள் குருத்தையோ காயையோ குடைந்து உள்ளே போய்விடும். போன ஓட்டையைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு மேலே அடிக்கிற மருந்து அதற்குப் பெரும்பாலும் எட்டாது. முட்டை பொரிவதற்கும் புழு உள்ளே நுழைவதற்கும் நடுவில் உள்ள கொஞ்ச நேரத்தில் இலைமேல் மருந்து இருந்தாக வேண்டும். அது எந்த நாள் என்று தெரியாததால் எல்லா வாரமும் அடிக்கிறார்கள். அண்ணனும் வாரம் ஒருமுறை அடித்தவர்தான். மழைக்காலத்தில் இன்னும் கூடும்.

ஒவ்வொரு மருந்துக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கலாம் என்று பாட்டிலோடு வரும் துண்டுச்சீட்டில் பொடி எழுத்தில் இருக்கும். எமாமெக்டின் பென்சோயேட் என்றால் கத்தரிக்கு 3 நாள். குளோரான்ட்ரனிலிப்ரோல் என்றால் 22 நாள். கத்தரியோ நாலைந்து நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டிய காய். விட்டால் முற்றிவிடும், முற்றினால் விலை இல்லை. 22 நாள் காத்திருப்பதாக இருந்தால் நாலு பறிப்பை விட வேண்டும். சீட்டில் இருப்பது ஒரு நாட்காட்டி, செடியில் இருப்பது வேறு நாட்காட்டி. இதைக் கவனக்குறைவு என்றோ பேராசை என்றோ சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மருந்துக் கடையில் வேறு ஒரு பேச்சு உண்டு. டப்பாவில் ஒரு முக்கோணம் இருக்கும்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் கடுமை இறங்கிக்கொண்டே வரும். "பச்சை முக்கோணம்தான், ஒண்ணும் பண்ணாது" என்று தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அந்த நிறம் பெரும்பாலும் உடனடி நஞ்சைச் சொல்வது. கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு என்ன ஆகும் என்று அது சொல்லாது.

மண்டிக் கணக்கை அண்ணன் சொன்னபடியே தருகிறேன்.

"அடிக்கலன்னா மூட்டைய அவுத்துக் காட்டச் சொல்லுவாங்கம்மா. மேலாக நாலு சொத்தை கண்ணுல பட்டா மொத்த மூட்டைக்கும் சொத்தை வெலதான். அடிச்சா மருந்துச் செலவு போகும், காயாச்சும் நிக்கும். நீங்களே சொல்லுங்க, நான் எதப் பாக்கறது?"

இந்தக் கணக்கில் மருந்து ஒரு காப்பீடு. பிரீமியம் கட்டுகிறவர் விவசாயி. அதனால் பளபளப்பான காயைப் பெறுகிறவர்கள் மண்டிக்காரரும் நாமும். மிச்சமிருக்கும் விஷத்தில் ஒரு பங்கு நமக்கு வருகிறது, பெரிய பங்கு தெளிக்கிறவருக்கே போகிறது. மருந்து அடித்த அன்று ராத்திரி தலை கனக்கும், சோறு இறங்காது, கண் மங்கும் என்று அண்ணன் சர்வசாதாரணமாகச் சொன்னார். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் நரம்புச் செய்தியை நிறுத்தும் நொதியைத் தடுப்பவை. அவை அதிகமாக உடம்பில் ஏறினால் வரும் அறிகுறிகளோடு இவை ஒத்துப்போகின்றன. மறுநாள் காலையில் வெறுங்கையோடு காய் பறிக்கப் போகிறவர் அண்ணி.

நாங்கள் முதலில் பார்த்த வழிகள்

ஆர்கானிக் கடையில் வாங்கிப் பார்த்தோம். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, காய் மூன்று நாள் பழசு. பொட்டலத்தில் ஜைவிக் பாரத் என்ற ஆர்கானிக் உணவு முத்திரை இருந்தால் நம்பலாம் என்றிருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 விதிகள் அதற்குத்தான் வந்தன. ஆனால் மூட்டையைப் பிரித்துக் கொட்டி விற்கும் கத்தரிக்காயில் எந்த முத்திரையைத் தேடுவது? கடைக்காரர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் வசதி உண்டு. 1968-ல் தொடங்கிய ஆரோவில்லில் பல பண்ணைகள் ரசாயனம் இல்லாமல் பயிர் செய்கின்றன. அன்னபூர்ணா பண்ணையில் நெல்லும் பாலும், சாலிட்யூட், புத்தா கார்டன் போன்றவற்றில் காய்கறியும் கீரையும். லாஸ்பேட்டைத் தங்கை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதிலிருந்துதான் கூடை யோசனை முளைத்தது. இது அங்கேயும் புதிதல்ல. ஜப்பானில் 1970-களிலேயே நகரத்து வீடுகளும் விவசாயிகளும் நேரடியாக உடன்பாடு செய்துகொண்டு விளைச்சலைப் பங்கிட்டார்கள். தெய்கெய் என்று அதற்குப் பெயர்.

உடன்பாடு

எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரம் எதுவும் கிடையாது. ஒரு நோட்டில் நாலு வரி.

மாதம் 1000 ரூபாய் முன்பணம், வாரம் ஒரு கூடை. கூடையில் ஐந்து கிலோ வாக்கில் காய், இரண்டு கட்டுக் கீரை. விலை வருடம் முழுக்க ஒன்றுதான். சந்தையில் கத்தரி 10 ரூபாய்க்குக் கேட்பாரற்றுக் கிடந்தாலும், கார்த்திகையில் 80-ஐத் தாண்டினாலும் கூடை விலை மாறாது. ஐந்தில் ஒரு காய் வரை சொத்தை இருந்தால் பேசக்கூடாது, வெட்டிப் போட்டுவிட்டுச் சமைக்க வேண்டும். காய் வராத வாரத்துக்குப் பணம் திருப்பிக் கேட்கக்கூடாது.

அண்ணன் பக்கத்து விதி ஒன்றே ஒன்று. அதை ஏற்பாடு செய்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மருந்து அடிக்கவே கூடாது என்று எழுதலாம் என்று பலரும் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அடிக்கக் கூடாதுன்னு எழுதினா அடிச்சிட்டு சொல்லமாட்டாரு. அடிக்கலாம், ஆனா சொல்லிடணும்னு எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினோம். எந்தப் பாத்தியில் அடித்தாரோ அந்தப் பாத்திக் காய் அந்தப் பருவம் முடியும்வரை மண்டிக்குப் போகும், கூடைக்கு வராது. அடித்ததற்காக முன்பணம் குறையாது. இத்தனை நாள் இந்த ஏற்பாடு உடையாமல் நிற்பதற்கு இந்த ஒரு வரிதான் காரணம் என்பது என் எண்ணம். பொய் சொன்னால் அண்ணனுக்கு லாபம் எதுவும் இல்லை என்று ஆக்கிவிட்டார் வாத்தியார்.

முதல் பருவம், இரண்டாம் பருவம்

முதல் பருவத்தில் கத்தரி தோற்றது. ஒரு கட்டத்தில் இரண்டு பாத்தியில் அண்ணன் மருந்து அடித்துவிட்டுச் சொன்னார். அவை மண்டிக்குப் போயின. கூடையில் வந்த கத்தரியில் சொத்தை ஐந்துக்கு ஒன்று என்ற வரம்பைப் பல வாரம் தாண்டியது. எதிர் வீட்டு அக்கா கூடையோடு என் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏம்மா, காசையும் குடுத்துப் புழுவையும் வாங்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் அந்த மாதத்தோடு நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீடு.

இரண்டாம் பருவத்தில் மாறியது பெரிய தத்துவம் எதுவும் இல்லை, வேலை முறைதான். பழைய கத்தரி மார்களை (காய்ந்த தண்டுகளை) வெட்டி வயலோரமாக அடுப்புக்கு அடுக்கி வைப்பது இந்தப் பக்கம் வழக்கம். அந்தக் குச்சிக் குவியலிலும் கீழே கிடக்கும் சருகிலும் கூட்டுப்புழு தங்கியிருந்து அடுத்த நடவுக்கு அந்துப்பூச்சியாகக் கிளம்பும். அதை முதலில் அப்புறப்படுத்தினார்கள். அதே நிலத்தில் கத்தரிக்குப் பின் கத்தரி வைக்காமல் வெண்டையும் தட்டைப்பயறும் வைத்தார்கள். ஏக்கருக்கு 5 என்ற கணக்கில் இனக்கவர்ச்சிப் பொறி கட்டினார்கள். ஆண் அந்துப்பூச்சி அதில் விழும். தினமும் எத்தனை விழுகிறது என்று பார்த்தால் எப்போது தாக்குதல் ஏறுகிறது என்றும் தெரியும். ஆனி, ஆடியில் உதிர்ந்த வேப்பங்கொட்டையைப் பொறுக்கிக் காயவைத்து, 5 கிலோவை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடித்தார்கள். மாலையில் ஏன் என்றால், வேம்பின் சத்து வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். காலையில் அடித்துவிட்டு வேம்பு வேலை செய்யவில்லை என்று குறைப்படுகிறவர்கள் நிறைய.

இதெல்லாம் சேர்ந்தாலும் பாதி வேலைதான் ஆகும். மீதிப் பாதி கையால் செய்வது. வாடித் தொங்கும் குருத்தைக் கண்டதும் புழுவோடு சேர்த்துக் கிள்ளி எடுத்து அழிக்க வேண்டும். சொத்தைக் காயை வயலில் போட்டு வைக்கக் கூடாது. வாரம் ஒருமுறையாவது முக்கால் ஏக்கரையும் வரிசை வரிசையாக நடந்து பார்க்க வேண்டும். இதைச் செய்தது யார்? அண்ணி. அண்ணன் ஸ்பிரேயரை முதுகிலிருந்து இறக்கியதும் அந்த வேலை அண்ணியின் இடுப்புக்கும் கைக்கும் போய்ச் சேர்ந்தது. மருந்துக்குப் பில் உண்டு, ஸ்பிரேயர் பிடிக்கிறவருக்கு டேங்குக் கணக்கில் கூலி உண்டு. குருத்துக் கிள்ளுவதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. இரண்டாம் பருவத்தின் நடுவில் அண்ணியே நேராகச் சொல்லிவிட்டார்: "மருந்து நின்னது நல்லதுதான், ஆனா எனக்கு நூறு நாள் வேலைக்குக்கூடப் போக முடியல." அதன்பின் நோட்டில் இன்னொரு வரி ஏறியது: குருத்துக் கூலி, வீட்டுக்கு மாதம் 100 ரூபாய், அண்ணி கையில். இயற்கை விவசாயம் செலவு குறைவானது என்று மேடையில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வரியை எழுதுவதில்லை.

பஞ்சகவ்யா பற்றி ஒரு வார்த்தை. கொடுமுடி டாக்டர் நடராஜன் பிரபலப்படுத்திய இந்தக் கரைசலை 3 சதவீதம், அதாவது 10 லிட்டருக்கு 300 மில்லி கலந்து தெளிப்பது வழக்கம். செடி தழைத்தது, பூ நின்றது என்று அண்ணன் சொல்கிறார், நானும் பார்த்தேன். ஆனால் அது வளர்ச்சிக்கான கரைசல். குருத்துக்குள் இருக்கும் புழு அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அப்புறம், 'பயோ' என்று பெரிதாக எழுதிய பதிவு எண் இல்லாத பாட்டில்கள் கடைகளில் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத எதையும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம்.

வெண்டையில் வேறு விதமான சிக்கல். விதை பாக்கெட்டைப் பிரித்தால் விதை ரோஜா நிறத்தில் இருந்தது. கடை விதை பெரும்பாலும் மருந்து பூசித்தான் வருகிறது. மருந்தே அடிக்காத வயல் என்று சொல்லிக்கொண்டு மருந்து பூசிய விதையை நட்டால் அதற்கு என்ன பெயர்? தானாக விதை எடுக்கக்கூடிய அர்கா அனாமிகா ரகத்தை வாங்கி, அடுத்த முறை சொந்த விதை எடுத்தார்கள். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய்க்கு அது தாங்கும் என்று வெளியிடப்பட்ட ரகம். ஆனால் கோடை நடவில் தேமல் வந்தேவிட்டது. மஞ்சள் ஒட்டுப் பொறி ஓரளவுதான் உதவியது. தேமல் வந்த செடிகளைப் பிடுங்கியதில் இரண்டு வாரம் கூடையில் வெண்டை இல்லை. கோடையில் வெண்டையைக் குறைத்து ஆடிக்குப் பின் கூட்டுவது என்று இப்போது மாற்றியிருக்கிறார்கள்.

சான்றிதழ் ஏன் வாங்கவில்லை

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. தமிழ்நாட்டில் கோவையில் அங்கக (ஆர்கானிக்) சான்றளிப்புத் துறை இருக்கிறது. அங்கக உற்பத்திக்கான தேசியத் திட்டப்படி ஒருவருடப் பயிர்களுக்கு 2 வருடம், மரப்பயிர்களுக்கு 3 வருடம் மாற்றக் காலம், அதாவது சான்றிதழுக்கு முன் ரசாயனம் இல்லாமல் பயிர் செய்து காத்திருக்க வேண்டிய காலம். அதற்கான பதிவேடுகளையும் கட்டணத்தையும் தனியொரு சிறு விவசாயி சுமப்பது கஷ்டம். பிஜிஎஸ் என்ற பங்கேற்பு முறை மலிவு. அதில் பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும்; குறைந்தது 5 பேர் வேண்டும். அண்ணனின் ஊரில் 5 பேர் தேறவில்லை. கேட்ட எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "ஒங்களுக்கு கூடை இருக்கு, எங்களுக்கு யார் இருக்கா?"

சட்டப்படி ஒரு வழி உண்டு. ஆண்டு வியாபாரம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு உற்பத்தியாளர் சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்றால் அங்கக உணவுச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. ஆனாலும் நாங்கள் 'ஆர்கானிக்' என்ற வார்த்தையைக் கூடையில் ஒட்டுவதில்லை. காரணம் பக்கத்து வயல். கிழக்கே கரும்பு, வடக்கே இன்னொருவரின் கத்தரி. அவர் பவர் ஸ்பிரேயரில் அடிக்கும்போது காற்று இந்தப் பக்கம் வீசினால் சாரல் வரும். வரப்போரமாக மக்காச்சோளம் மூன்று வரிசை, அதற்குப் பின் அகத்தி என்று தடுப்பு வைத்திருக்கிறார்கள். வடக்கு ஓரத்துக் கடைசி இரண்டு வரிசைக் காய் கூடைக்கு வருவதில்லை. ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. ஒரு மாதிரிக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். அதுவும் அந்த ஒரு நாள் பறித்த காயைப் பற்றித்தான் சொல்லும். அந்தப் பணத்தைக் குருத்துக் கூலியில் போடலாம் என்று முடிவானது. வீட்டுக்காரர்கள் முறை வைத்து மாதம் ஒருமுறை வயலுக்குப் போகிறார்கள். பொறியில் விழுந்த பூச்சி, கிள்ளிப்போட்ட குருத்துக் குவியல், இலைக்கு இலை சிலந்தி வலை, மோட்டார் கொட்டகையில் என்னென்ன பாட்டில் இருக்கிறது, இவற்றைப் பார்த்தால் போதும்.

மாடி

கூடையில் வராததை மாடியில் போடலாம் என்று ஏழெட்டு வீடுகள் இறங்கின. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டக் கிட்டில் பை, தென்னை நார்க் கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம், வேப்ப எண்ணெய் எல்லாம் வந்துவிடும். ஆரம்பத்தில் எல்லாரும் தக்காளியும் கத்தரியும்தான் நட்டார்கள். ஒரு குடும்பத்துக்குக் குழம்புக் காய் முழுவதும் மாடியிலிருந்து வருவது பெரும்பாலும் கனவு. சித்திரை வெயிலில் சிமெண்ட் தரை கொதிக்கும். நிழல் வலை இல்லாவிட்டால் பை வெந்துவிடும்.

மாடிக்கு ஏற்றது இலைதான். அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் மூன்று நாலு வாரத்தில் கிள்ளலாம். கடைக் கீரையில் அடிக்கும் மருந்துக்கும் நம் சட்டிக்கும் நடுவில் தோல் என்று ஒன்றும் கிடையாது, அடித்த இடத்தையே சாப்பிடுகிறோம். கறிவேப்பிலையும் அப்படித்தான். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்காக அதில் அடிக்கப்படும் மருந்துகளின் எச்சம் பற்றிக் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வுக்கூட அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. தாளிக்கும்போது தினம் ஒரு கொத்து என்று சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு எவ்வளவு! ஒரு தொட்டியில் ஒரு கறிவேப்பிலை, இரண்டு பையில் கீரை, ஒன்றில் புதினா. இந்த அளவில் நின்ற வீடுகளில்தான் மாடித்தோட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒரு வேடிக்கை. மாவுப்பூச்சியை எறும்புதான் செடிக்குச் செடி காவிக்கொண்டு போகிறது என்று தெரிந்ததும், ஒரு வீட்டில் பையைச் சுற்றி எறும்புப் பவுடரைத் தூவி வைத்திருந்தார்கள். அதுவும் பூச்சிமருந்துதானே என்று சொன்னபோது அந்த அம்மா திகைத்துவிட்டார். எறும்புப் பவுடர் மளிகைக் கடையில் கிடைக்கிறது, உரக்கடையில் இல்லை. அதனால் அது அவருக்கு மருந்தாகத் தோன்றவே இல்லை.

எதற்குக் கவலைப்படுவது

பணம் எல்லாருக்கும் ஒன்றல்ல. எல்லாவற்றையும் மருந்தில்லாமல் வாங்க முடியாதவர்கள் எதில் முதலில் காசைப் போடுவது? கீரை, கறிவேப்பிலை, கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய் ஆகியவற்றில் என்பது எங்கள் முடிவு. பலாவுக்கு நாங்கள் தனியாக மெனக்கெடுவதில்லை. அந்த முள்தோலைத் தாண்டிச் சுளைக்குப் போவது லேசில்லை. சேனை, கருணை போன்றவை தோலைச் சீவித்தான் சமைக்கிறோம்.

ஆனால் தடித்த தோல் என்றாலே பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. தென்னையில் ஈரியோபைட் சிலந்திப்பேன் தாக்கியபோது வேர் வழியாக மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தை ஏற்றச் சொல்லிப் பரிந்துரை இருந்தது. ஏற்றியபின் 45 நாள் காய் பறிக்கக்கூடாது என்பது நிபந்தனை. வாழையில் தண்டுக் கூன்வண்டுக்காக அதே மருந்தைத் தண்டில் ஊசி போட்டார்கள். நாம் வாழைத்தண்டுப் பொரியல் சாப்பிடுகிற ஊர்! காய்கறிகளில் அந்த மருந்தை அடிக்க 2005-லேயே தடை வந்துவிட்டது. தண்டு வாங்கும்போது எந்தத் தோட்டத்துத் தண்டு என்று கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். ராமாபுரம் பக்கத்து வாழை விவசாயிகள் கேட்டால் நேராகவே பதில் சொல்கிறார்கள்.

கழுவுவதில் பாதி விஷயம் முடிந்துவிடும், ஆனால் பாதிதான். ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியது நிறையப் போகும். சோடா உப்புக் கரைசலில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தால் ஆப்பிளின் மேற்பரப்பில் இருந்த இரண்டு மருந்துகள் நீங்கின என்று 2017-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. தோலுக்குள் இறங்கியதை அதனாலும் எடுக்க முடியவில்லை. இமிடாகுளோபிரிட், அசிபேட் மாதிரி செடியின் சாற்றோடு ஓடும் மருந்துகளைச் சமையலறையில் துரத்திப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை.

ஃபெஞ்சல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. இரண்டு நாளில் சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வர, கடலூரில் கரையோரப் பகுதிகள் மூழ்கின. அண்ணனின் வயலில் ஆற்று வெள்ளம் வரவில்லை, மழைத் தண்ணீரே வடியாமல் நின்றது. கத்தரி வேர் அழுகி நின்ற நிலையிலேயே வாடியது. வாழை சாய்ந்தது.

கூடை பொங்கல் வரை வரவில்லை. முன்பணம் வாங்குவதா வேண்டாமா? நோட்டில் எழுதியது காய் வராத ஒரு வாரத்துக்கு. ஆறேழு வாரத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. எங்கள் தெருவிலேயே சில வீடுகளில் தண்ணீர் புகுந்து அவர்களுக்கே கை நெருக்கடி. கடைசியில் முடிந்தவர்கள் முழுசாகவும், சிலர் பாதியும் கொடுத்தார்கள். இரண்டு வீடு அந்த மாதம் ஒதுங்கிக்கொண்டு தையில் திரும்பி வந்தது. யாரையும் யாரும் குறை சொல்லவில்லை. அண்ணனுக்கு அது முழு வருமானமும் இல்லை. ஆனால் கந்துவட்டிக்குக் கடன் வாங்காமல் நாற்றும் எருவும் வாங்க அது போதுமாக இருந்தது. தண்ணீர் வடிந்ததும் முதலில் அவர் விதைத்தது கீரை. சீக்கிரம் காசாகும் பயிர் அதுதான். புயலுக்குப் பின் வந்த முதல் கூடையில் நாலு கட்டுக் கீரையும் ஒரு பூசணிக்காயும் மட்டும் இருந்தன.

அதே மழையில் வடக்கு வயல்காரரும் கத்தரியை இழந்தார். அவருக்கு முன்பணம் கொடுக்க யாரும் இல்லை. மருந்துக் கடையில் பழைய கடன் வேறு இருந்தது. கடன் தீரும்வரை அந்தக் கடைக்காரர் தரும் மருந்தைத்தான் அடித்தாக வேண்டும்.

இப்போது

கூடையில் இப்போது வருவது கத்தரி, வெண்டை, புடலை, பீர்க்கை, பூசணி, தட்டைக்காய், கீரை. தக்காளி, உருளை, கேரட், கோஸ் எல்லாம் பான்பரி மார்க்கெட்டில்தான். தக்காளி ஆந்திரா, கர்நாடகத்திலிருந்து லாரியில் வருகிறது, அதன் வயலை யாரும் போய்ப் பார்க்க முடியாது. கோஸின் மேல் இலைகளை எடுத்துவிட்டுக் கழுவிச் சமைக்கிறோம். காலிஃபிளவரைப் பாதி வீடுகள் நிறுத்திவிட்டன.

கத்தரியில் சொத்தை ஐந்தில் ஒன்றுக்குள் நிற்கிறது, ஐப்பசி கார்த்திகை தவிர. மல்லாட்டையில் அண்ணன் இன்னும் சில சமயம் மருந்து அடிக்கிறார், சொல்லிவிட்டுத்தான். ஸ்பிரேயரை விற்கவில்லை. விற்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

வடக்கு வயல்காரர் போன மாதம் என்னிடம் வந்து தானும் சேரலாமா என்று கேட்டார். சேர்ந்தால் சாரல் பிரச்சினை பாதி தீரும், அந்தக் கடைசி இரண்டு வரிசையும் கூடைக்கு வரும். ஆனால் அவருடைய மருந்துக் கடைக் கடனை முதலில் அடைக்க வேண்டும், அதற்கு இன்னும் எட்டுப் பத்து வீடாவது புதிதாகச் சேர வேண்டும். மஞ்சக்குப்பத்தில் கேட்டுப் பார்த்தாயிற்று. திருப்பாதிரிப்புலியூரில் வாத்தியாருக்குத் தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறார்களாம்; ஞாயிற்றுக்கிழமை நோட்டையும் ஒரு கூடையையும் எடுத்துக்கொண்டு போகிறோம். சொத்தைக் காயையும் சேர்த்தே வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லியிருக்கிறார்.